இரவில் டிரவுட் பிடிக்க ஒளிரும் ஈ: கட்டும் முறையும் வீசும் முறையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறகையும் நூலையும் தூண்டில் முள்ளின் மேல் சுற்றிக் கட்டி, பூச்சியைப் போலவோ சிறு மீனைப் போலவோ தோன்றச் செய்யும் பொய்யிரையே செயற்கை ஈ. அதில் இருட்டில் ஒளிரும் பொருளைச் சிறிது சேர்த்து இரவில் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்கும் முறையைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பகலில் ஈ வீசிப் பழகியவர்களை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டிருக்கிறது. வீசவே பழகாதவர்கள் இரவில் தொடங்க வேண்டாம்.

டிரவுட் உண்மையிலேயே இரவில் இரை தேடுமா?

தேடும். அதிலும் பெரிய பிரவுன் டிரவுட் பகல் முழுவதும் குடைந்த கரைக்கு அடியிலோ, நீரில் சாய்ந்த மரத்தின் நிழலிலோ பதுங்கியிருந்துவிட்டு, இருட்டிய பிறகே ஆழமற்ற நீருக்கு ஏறி வந்து சிறு மீன்களையும் நன்னீர் இறால்களையும் வேட்டையாடும். ரெயின்போ டிரவுட்டும் இதற்கு விலக்கல்ல. நியூசிலாந்தின் டாப்போ ஏரியில் ஆறுகள் வந்து கலக்கும் முகத்துவாரங்களில் இரவில் ஈ வீசுவது நெடுங்கால வழக்கம். ஒளிரும் ஈ மிகுதியாகப் பயன்படும் இடங்களுள் அதுவும் ஒன்று.

டிரவுட்டின் கண்ணில் வண்ணம் பிரித்தறியும் கூம்பு செல்களும், மங்கிய ஒளியை உணரும் கோல் செல்களும் உள்ளன. நம்மைப் போலக் கண்மணியைச் சுருக்கி விரிக்க அதனால் இயலாது. அதற்கு மாற்றாக, பகலில் கோல் செல்கள் விழித்திரையில் நிறமிக்குப் பின்னால் ஒடுங்கிக்கொள்கின்றன. இருட்டியதும் அவை முன்னால் வர, கூம்பு செல்கள் பின்வாங்குகின்றன. இந்த இடமாற்றம் நொடியில் நடப்பதில்லை. அந்தி மயங்கிய கையோடு கடித்துக்கொண்டிருந்த மீன்கள் சற்று நேரம் அடங்கிவிட்டு, நன்றாக இருட்டிய பிறகு மீண்டும் கடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முதல் அரை மணி நேரத்தில் எதுவும் சிக்கவில்லை என்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புபவர்கள் நல்ல நேரத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நன்னீரில் ஒளிரும் உயிரினமே இல்லையே, பிறகு டிரவுட் ஏன் ஒளிரும் ஈயைக் கடிக்கிறது?

நியாயமான கேள்வி. கடலில் ஒளிரும் உயிர்கள் ஏராளம். ஆறுகளிலும் ஏரிகளிலும் அவை மிக மிக அரிது. நியூசிலாந்தின் வடக்குத் தீவு ஓடைகளில் வாழும் லாடியா என்னும் சிறு நத்தை, சீண்டினால் பச்சை நிறத்தில் ஒளிரும் சளியை உமிழும். நன்னீரில் இது ஓர் அபூர்வமான விதிவிலக்கு. ஆகவே ஒளிரும் ஈ ஏதோ ஓர் உயிரைப் போலவே இருப்பதால்தான் மீன் ஏமாறுகிறது என்று சொல்ல முடியாது.

ஒளியின் வேலை வேறு. இருட்டில் டிரவுட் இரையை முதலில் உணர்வது பெரும்பாலும் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பால்தான். நீரில் ஏற்படும் மெல்லிய அதிர்வை அது அறிந்துகொள்கிறது. அருகே வந்தபின் மேல்நோக்கிப் பார்த்து, வானத்தின் மங்கிய வெளிச்சத்தில் கரிய உருவமாகத் தெரிவதைக் குறிவைக்கிறது. நிலவில்லாத இரவிலோ, கலங்கிய நீரிலோ, ஈ ஆழத்தில் போகும்போதோ இந்தக் கரிய உருவம் தெளிவாகத் தெரிவதில்லை. அப்போது வாயைத் திறக்கும் கடைசித் தருணத்தில் மீனுக்கு ஒரு குறி கிடைக்கச் செய்வதே ஒளிப்புள்ளியின் பயன். இதைப் புரிந்துகொண்டால், எவ்வளவு ஒளி வேண்டும், எங்கே வேண்டும் என்ற கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கண்ணைப் பறிக்கும் பளீர் நிறப் பொருள்கள் போதாதா?

போதா. கடைகளில் பளீரெனத் தெரியும் இளஞ்சிவப்பு, எலுமிச்சை மஞ்சள் நிற நூல்களும் இறகுகளும் புற ஊதாக் கதிர் படும்போது மட்டுமே மின்னுபவை. கதிர் நின்ற கணமே அவற்றின் மினுக்கமும் நின்றுவிடும். அந்தியில் அவற்றுக்குப் பயன் உண்டு, நள்ளிரவில் இல்லை. நமக்குத் தேவை, ஒளியை உள்வாங்கிச் சேமித்து, இருட்டில் சிறிது சிறிதாக வெளிவிடும் பொருள். வாங்குமுன் சோதிக்க ஒரு வழி உண்டு: டார்ச் வெளிச்சத்தில் சில நொடிகள் காட்டிவிட்டு, உள்ளங்கைகளைக் குவித்து அதற்குள் வைத்து எட்டிப் பார்க்க வேண்டும்.

எந்த ஒளிர்பொடி நல்லது?

புழக்கத்தில் இருப்பவை இரண்டு. பழையது, செம்பு கலந்த துத்தநாக சல்ஃபைடு. விலை குறைவு, ஆனால் சில நிமிடங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். புதியது, யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் சிறிதளவு சேர்த்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993-இல் உருவாக்கியது. பழையதைவிடச் சுமார் 10 மடங்கு பிரகாசமும், சுமார் 10 மடங்கு நீடித்த ஒளியும் தருவது. தயங்காமல் இரண்டாவதையே வாங்கலாம்.

ஆனால் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. மேற்பூச்சு இல்லாத பொடியில் தண்ணீர் பட்டால் அது நீருடன் வினைபுரிந்து சிதைந்து, ஒளிரும் திறனை இழந்துவிடும். எனவே நீரில் கரையும் வார்னிஷில் இதைக் குழைக்கக் கூடாது. புற ஊதாக் கதிர் பட்டால் இறுகும் பசையான ரெசினுக்குள் முழுவதுமாக மூழ்கடித்து மூட வேண்டும். பொடியின் பருமனும் கவனிக்கத் தக்கது: பருமனான துகள் கூடுதலாக ஒளிரும், ஆனால் பூச்சு சொரசொரப்பாக இருக்கும்; மாவு போன்ற பொடி வழவழப்பாகப் பூசவரும், ஆனால் ஒளி குறைவு.

ஸ்ட்ரான்ஷியம் என்றால் கதிரியக்கம் இல்லையா?

இல்லை. அணுவெடிப்பில் உண்டாகும் ஸ்ட்ரான்ஷியம்-90தான் கதிரியக்கம் உடையது. ஒளிர்பொடியில் இருப்பது இயற்கையில் கிடைக்கும் சாதாரண ஸ்ட்ரான்ஷியம். என்றாலும் எந்த நுண்பொடியும் மூச்சுக்குழலுக்கு ஆகாது என்பதால், குழைக்கும்போது முகக்கவசம் அணிய வேண்டும். பழைய கைக்கடிகார முகப்பில் ஒளிரும் பூச்சைச் சுரண்டி எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எவரேனும் சொன்னால் மட்டும் கேட்கவே கூடாது. அதில் ரேடியம் இருக்கக்கூடும்.

எந்த நிறம்?

பச்சை, அல்லது நீலம் கலந்த பச்சை. டிரவுட்டின் கோல் செல்கள் ஏறத்தாழ 500 முதல் 530 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை மிக நன்றாக உணர்பவை. பச்சை ஒளிர்பொடி 520 நானோமீட்டரை ஒட்டியும், நீலப்பச்சைப் பொடி 490-ஐ ஒட்டியும் ஒளிர்கின்றன. சிவப்பு, ஆரஞ்சு நிறப் பொடிகள் விரைவில் மங்கிவிடும். இரவில் மீனின் கண்ணுக்கு அவை தெரிவதும் கடினம்.

ஈ முழுவதும் ஒளிர்ந்தால் இன்னும் நல்லதுதானே?

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தலை முதல் வால் வரை விளக்குப் போல எரியும் ஈ, அமைதியான ஆழமற்ற நீரில் மீனை அழைப்பதைவிட மிரட்டுவதே அதிகம். அதைவிட முக்கியமாக, உடல் முழுவதும் ஒளிரும்போது கரிய உருவம் என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. இரவு ஈக்குக் கருப்பு உடலே அடிப்படை. ஒளி அதன் மேல் வைக்கும் ஒரு பொட்டு. என் கணிப்பில், உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒளிரவே தேவையில்லை. நுரை பொங்கும் வேக நீரிலும், மழைக்குப் பின் கலங்கிய நீரிலும் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். மிகுந்த ஒளியைப் பிறகு குறைப்பது கடினம் என்பதால், ஒளி மிகக் குறைந்த ஓர் ஈ, நடுத்தரமான ஓர் ஈ, ஒளியே இல்லாத கருப்பு ஈ என மூன்றையும் கட்டி வைத்துக்கொள்வது நல்லது.

எந்த வடிவத்தில் கட்டுவது? என்னென்ன தேவை?

ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் என்பவர் 1967-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வடிவமைத்த வூல்லி பக்கர் என்னும் ஈயே இதற்கு மிகவும் பொருந்துகிறது. கட்டுவதற்கு எளிது, நீரைத் தள்ளிக்கொண்டு வருவதால் பக்கக்கோட்டுக்கு எட்டும் அதிர்வைத் தருகிறது, மென்மையான வால் மெதுவாக இழுத்தாலும் அலையும்.

தேவையானவை: 6-ஆம் எண் நீண்ட தண்டு கொண்ட முள், கருப்பு நூலும் வெள்ளை நூலும், ஈயம் கலவாத எடைக் கம்பி, கருப்பு மாரபூ (பஞ்சு போன்ற மென்மையான இறகு), கருப்பு சனில் (மயிரடர்ந்த தடித்த நூல்), கருப்புச் சேவல் கழுத்து இறகு, மெல்லிய செம்புக் கம்பி, ஒளிரும் ஃபிளாஷபூ என்னும் மெல்லிய பிளாஸ்டிக் இழைகள் நான்கு, ஒளிர்பொடி, புற ஊதாக் கதிரில் இறுகும் ரெசின்.

படிப்படியாகக் கட்டும் முறை என்ன?

முதலில் முள்முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கி மழுக்கிவிட வேண்டும். கட்டி முடித்தபின் நசுக்கும்போது முனை முறிந்தால் உழைப்பும் வீணாகும் என்பதால் இதையே முதல் வேலையாக வைத்துக்கொள்வது நல்லது. பிறகு முள்ளை வைஸ் என்னும் பிடிகருவியில் இறுக்கி, தண்டின் முன்பாதியில் எடைக் கம்பியைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, நூலால் பிணைத்து நகராமல் செய்ய வேண்டும். எடை முன்பக்கம் இருந்தால், இழுத்து நிறுத்தும்போதெல்லாம் ஈ தலை குனிந்து அமிழும். அந்த அமிழ்வில்தான் பல மீன்கள் கடிக்கின்றன.

வாலுக்குத் தண்டின் நீளத்துக்குச் சமமான மாரபூவைக் கட்ட வேண்டும். நீளம் மிகுந்தால் கத்தரிக்கோலால் வெட்டாமல், விரல் நகத்தால் கிள்ளி எடுப்பது நல்லது. வெட்டிய நுனி துடைப்பம் போல மொத்தையாக நின்றுவிடும். வாலின் இருபுறமும் இரண்டிரண்டு ஒளிரும் இழைகளை, வால் நுனியைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும்படி சேர்த்துக் கட்டலாம்.

இனி ஒளிரும் பட்டை. இது முள்முனைக்கு நேர் மேலே, வாலுக்குச் சற்று முன்னால் அமைய வேண்டும். இருட்டில் மீன் ஒளியைக் குறிவைத்துக் கடிக்கும்போது முள்ளும் அங்கேயே இருக்க வேண்டுமல்லவா? செம்புக் கம்பியை இப்போதே வால் அருகே கட்டிப் பின்பக்கமாக மடித்து வைத்துவிட்டு, 5 மி.மீ. அகலத்துக்கு வெள்ளை நூலை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். வெள்ளை அடித்தளம் கட்டாயம். கருப்பு நூலின் மேல் பூசினால் உட்புறமாகப் போகும் ஒளியை அது விழுங்கிவிடும். வெள்ளை அதை வெளியே திருப்பி அனுப்பும். ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு ரெசின் என்ற கணக்கில், மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ குழைத்து, மெல்லிய படலமாகப் பூசிப் புற ஊதா டார்ச்சில் இறுக்க வேண்டும். உலோகக் கருவியால் கிளறக் கூடாது. கடினமான இந்தத் துகள்கள் உலோகத்தைத் தேய்த்து, கலவையைச் சாம்பல் நிறமாக்கிவிடும். ரெசின் மாரபூவை எட்டினால் இழைகளின் வழியே ஊறிப் போய் வால் குச்சியாக விறைத்துவிடும். எனவே வாலுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு சுற்று நூல் அளவுக்கு இடைவெளி விட்டு, ரெசினை ஊசி முனையால் சிறிது சிறிதாகப் பரப்ப வேண்டும். இரண்டு படலம் இறுகிய பின், பொடி கலக்காத ரெசினை மேலே ஒருமுறை பூசி மூடிவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது.

பட்டைக்கு முன்னால் கருப்பு சனிலைக் கட்டி, தலைக்கு இடம் விட்டுச் சுற்றிக்கொண்டு போய் முடிக்க வேண்டும். கழுத்து இறகை முன்புறம் கட்டி, நான்கைந்து சுற்றுகளாகப் பின்னோக்கிக் கொண்டுவந்து, செம்புக் கம்பியைப் பட்டையின் மேல் ஒரே ஒரு சுற்றாகக் கடத்தி, இறகின் நுனியைப் பிணைத்து, எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டே தலைவரை வர வேண்டும். மீனின் பற்கள் இறகுத் தண்டை அறுத்துவிடாமல் இந்தக் கம்பி காக்கும். தலையில் முடிச்சிட்டு, ஒரு சொட்டு ரெசின் வைத்தால் ஈ தயார்.

பொடி கலந்த ரெசின் பிசுபிசுப்பாகவே இருக்கிறதே?

ரெசினை இறுக்க வேண்டிய புற ஊதாக் கதிரை ஒளிர்பொடியே உறிஞ்சிக்கொள்வதால், தடித்த பூச்சின் உட்பகுதி இறுகாமல் போகிறது. மெல்லிய படலங்களாகப் பூசி, ஒவ்வொன்றையும் எல்லாப் பக்கமும் திருப்பி, வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் கதிர் காட்ட வேண்டும். பொடியின் அளவு கூடினாலும் இதே சிக்கல் வரும்.

ஆற்றங்கரையில் ஈக்கு ஒளியேற்றுவது எப்படி?

365 முதல் 400 நானோமீட்டர் வரையிலான சிறிய புற ஊதா டார்ச்சை ஈக்கு அருகில் பிடித்து, எல்லாப் பக்கமும் படும்படி பத்துப் பதினைந்து நொடிகள் காட்டினால் போதும். வெள்ளை எல்இடி டார்ச்சும் ஏற்றும், சற்று நேரம் ஆகும். சிவப்பு விளக்கு ஏற்றாது. இது குறையல்ல, வசதி: நம் கண் இருட்டுக்குப் பழகுவதற்கு அரை மணி நேரம் வரை ஆகும் என்பதால், முடிச்சுப் போடவும் பெட்டியைத் திறக்கவும் சிவப்பு விளக்கையே பயன்படுத்தலாம்.

ஒளியேற்றும்போது தண்ணீருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சட்டையின் மடிப்புக்குள் டார்ச்சையும் ஈயையும் மறைத்துக்கொள்ள வேண்டும். நீரின் மேல் ஒருமுறை வெளிச்சம் அடித்தாலே அருகிலுள்ள மீன்கள் ஒதுங்கிவிடும். புற ஊதாக் கதிரை நேராகப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு.

ஒளி சீராகக் குறைவதில்லை. முதல் சில நிமிடங்களில் வேகமாக இறங்கி, பிறகு மங்கலாக நெடுநேரம் நீடிக்கும். ஏற்றிய உடனே வீசாமல், ஓரிரு நிமிடம் கையில் வைத்திருந்துவிட்டு, அந்தக் கூர்மையான பிரகாசம் அடங்கிய பின் வீசுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் ஏற்றினால் போதும்.

கோல், கயிறு, நரம்பு எப்படி இருக்க வேண்டும்?

6 அல்லது 7-ஆம் எண் கோலும் மிதக்கும் கயிறும் பொருத்தமானவை. ஈயை இணைக்கும் முன்நரம்பு ஆறு முதல் எட்டு அடிக்கு மேல் வேண்டாம். 5 கிலோ அளவு தாங்கும் தடித்த நரம்பே நல்லது. இருட்டில் மீன் நரம்பைக் கண்டு தயங்குவதில்லை; மெல்லிய நீண்ட நரம்பு சிக்கிக்கொண்டால் பிரித்தெடுப்பதற்குள் இரவு போய்விடும். ஒரே ஈதான், பகலில் செய்வது போல இரண்டாவது ஈயைத் தொங்கவிட வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாமல் தூரத்தை எப்படி அளந்து வீசுவது?

பகலிலேயே அந்த இடத்துக்குப் போய், எதிர்க்கரைப் புதருக்கு ஓர் அடி முன்னால் ஈ விழுவதற்கு எவ்வளவு கயிறு வேண்டும் என்று அளந்து, அந்த இடத்தில் கயிற்றின் மேல் நூலால் ஒரு சிறு முடிச்சைச் சுற்றி வைக்கலாம். இரவில் அந்த முடிச்சு விரலில் இடறும்போது நிறுத்திக்கொண்டால், ஒவ்வொரு வீச்சும் அதே தூரத்தில் விழும். இரவில் நெடுந்தூரம் வீச வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. பெரிய மீன்கள் முழங்கால் ஆழ நீருக்கு வந்திருக்கும். நீரில் இறங்குவதற்கு முன் கரையில் நின்றபடியே சில வீச்சுகளைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஈயை எப்படி இழுப்பது?

மெதுவாக. ஒழுக்குக்குக் குறுக்கே வீசி, கீழ்நோக்கி அரைவட்டமாகச் சுழன்று வரவிட்டு, கடைசியில் விரல்களுக்கிடையே கயிற்றை எட்டு வடிவில் மடித்து மடித்து இழுக்கலாம். தாவித் தாவி ஓடும் இரையை இருட்டில் மீன் தவறவிடும். ஒரே சீராக நகரும் இரையை அது எளிதாக இடைமறிக்கும். கோல்முனை நீரைத் தொட்டபடி இருந்தால், மெல்லிய கடியும் விரலுக்குத் தெரியும். கடித்தவுடன் கோலை மேலே தூக்காமல், கயிற்றைக் கையால் நீளமாக இழுத்தே முள்ளைப் பதிக்க வேண்டும். தவறினாலும் ஈ நீரிலேயே இருக்கும், மீன் திரும்பி வந்து கடிக்கக்கூடும்.

நிலவொளியில் பயன் உண்டா?

முழுநிலவு மேலே நிற்கும்போது ஒளியில்லாத கருப்பு ஈயே போதும். மேகம் மூடியதும் ஒளிரும் ஈக்கு மாறலாம்.

வெயில் காலத்தில் இரவு மீன்பிடிப்பு மீன்களுக்குத் தீங்கில்லையே?

பொழுது சாய்ந்ததும் நீர் குளிர்ந்துவிடும் என்பது பொதுவான தவறான எண்ணம். ஆற்று நீர் மெல்ல மெல்லத்தான் வெப்பத்தை இழக்கிறது. மிகக் குளிர்ந்த நேரம் விடியலை ஒட்டியது. வெப்பமானியை நீரில் வைத்துப் பார்த்து, 20 டிகிரி செல்சியஸை எட்டியிருந்தால் அன்று வீசாமல் இருப்பதே நல்லது. வெதுவெதுப்பான நீரில் போராடிக் களைத்த டிரவுட் விடுவித்த பின்னும் பிழைப்பது கடினம். நீர்ச்செடிகள் அடர்ந்த ஏரிகளில் இன்னொரு சிக்கல்: இரவு முழுவதும் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடியற்காலையில் அது மிகவும் குறைந்திருக்கும். விடுவிக்கும்போது மீனை நீருக்கு வெளியே தூக்காமல், சிவப்பு விளக்கில் முள்ளைக் கழற்றிவிட வேண்டும்.

தனியாகப் போகலாமா?

கூடாது. பகலில் நடந்து பார்த்திராத இடத்தில் இரவில் நீரில் இறங்கவும் கூடாது. தெளிந்த கண்ணாடி அணிந்திருப்பது, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத முள்ளிலிருந்து கண்ணைக் காக்கும்.

எல்லா இடங்களிலும் இதற்கு அனுமதி உண்டா?

இல்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் சூரிய உதயம் முதல் மறைவு வரை மட்டுமே மீன்பிடிக்கலாம். சில நீர்நிலைகளில் விளக்கு கொண்டு மீனைக் கவர்வதற்குத் தனியே தடை இருக்கும். ஒளிர்பொடி பூசிய ஈ அந்தத் தடைக்குள் வருமா, ஈ மட்டும் அனுமதிக்கப்பட்ட பகுதியில் அது ஈயாகக் கருதப்படுமா என்பதை அந்த நீர்நிலையின் நடப்பு விதிகளைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகே செல்ல வேண்டும்.

கட்டிய ஈக்கள் எவ்வளவு காலம் ஒளிரும்?

ரெசின் பூச்சு விரிசல் விடாதவரை ஆண்டுக்கணக்கில் ஒளிரும். பொடி தீர்ந்துபோவதில்லை, தண்ணீர் உள்ளே புகுந்தால்தான் கெடும். வீடு திரும்பியதும் ஈயைப் பெட்டிக்குள் அடைக்காமல் காற்றில் உலரவிட்டு, பட்டையில் மயிரிழை விரிசல் தெரிந்தால் நன்கு காய்ந்த பின் அதன் மேல் ரெசின் ஒரு பூச்சுப் பூசி இறுக்கிவிடலாம். முள்முனை துருவேறியிருந்தால் சரிசெய்யப் பார்க்காமல் புதிதாகவே கட்டிக்கொள்வது நல்லது.